வளர்ந்த பொத்தான்

இஞ்சக்கா குள்ளமாக இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று புதிதாகக் கப்பலேறுகிற எல்லோரும் நினைப்பார்கள். குள்ளம்தான், அதை அவளே மறுக்க மாட்டாள். மேல் படுக்கையில் ஏற அவளுக்குப் பழைய பெயிண்ட் டப்பா ஒன்று வேண்டும். ஆனால் பெயர் வந்தது டேப்பால். தையற்காரர் மகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொள்வது மாதிரி கழுத்தில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தாள். சமையற்காரர் பார்த்துவிட்டு, "வாங்க இஞ்சு மேடம், சூப்பு எத்தனை மீட்டர் வேணும்?" என்றார். அன்றோடு அவளுடைய நல்ல பெயர் கடலோடு போயிற்று.

அவள் அளப்பது சால்ப் என்கிற உயிரியை. மீன் இல்லை, புழு இல்லை, ஜெல்லி மீனும் இல்லை. விரல் நுனி அளவுக்கு ஒரு பீப்பாய், இரண்டு பக்கமும் திறப்பு, உடம்பு முழுக்கக் கண்ணாடி. முன்வாசல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அதில் இருக்கிற பச்சைத் தூசியை வடிகட்டித் தின்னும். மிச்சத் தண்ணீரைப் பின்வாசல் வழியாகத் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே முன்னால் போய்க்கொள்ளும். சாப்பாடும் பயணமும் ஒரே வேலையாக முடிந்துவிடுகிற இப்படிப்பட்ட பிழைப்பு நமக்கெல்லாம் வாய்க்கவில்லை. தட்டில் எடுத்து வைத்தால் யாரோ மூக்கைச் சிந்திவிட்டுப் போனது போல இருக்கும். டாக்டரம்மா காதில் விழாத தூரத்தில் கப்பலில் எல்லோரும் அதைச் 'சளி' என்றுதான் சொல்வார்கள்.

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இந்தச் சளிக்காகவே தலை நரைத்தவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நடுக்கடலில் இது எவ்வளவு வேகமாக வளர்கிறது? வேகமாக வளர்ந்தால் வேகமாகத் தின்னும். வேகமாகத் தின்றால் வேகமாகப் போடும். அது போடுவது கல் மாதிரி அடிக்கடலுக்கு இறங்கிவிடும், ஊரில் நாம் விடுகிற புகையில் ஒரு துளியையும் கையோடு கூட்டிக்கொண்டு. ஆக, உலகத்தின் எதிர்காலத்தில் ஒரு சின்னப் பங்கு சளியின் கக்காவில் இருக்கிறது. கூட்டங்களில் டாக்டரம்மா இதையே வேறு வார்த்தைகளில் சொல்வார்.

கேள்வி சின்னது, பதில்தான் வம்பு பிடித்தது. தொட்டியில் விட்டு வளர்த்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பிறந்ததிலிருந்து சுவர் என்று ஒன்றைக் கண்ணால் கண்டிராத பிராணி அது. போய் முட்டும், கிழியும், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி சாப்பாட்டை நிறுத்திவிடும், வளர்வதற்குப் பதில் சுருங்கும். வலை போட்டு இழுத்தால் மேலே வருவது கஞ்சி. மருந்தில் போட்டுக் கரைக்குக் கொண்டுபோனால் பாதியாய்க் குறுகியிருக்கும். மிச்சம் ஒரே வழிதான். அது மிதக்கிற தண்ணீரோடு கூடவே போக வேண்டும். கையால் அள்ளி, உயிரோடு அளக்க வேண்டும்.

எப்படி என்றால், சால்ப் கூட்டத்தில் மணிமாலை மாதிரி கோத்துக் கோத்து ஒரே சமயத்தில் ஏகப்பட்ட குட்டிகள் பிறக்கும். எல்லாம் ஒரே அளவு. ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. அந்த இடத்தில் கொடி கட்டிய மிதவை ஒன்றை விடுவார்கள். மிதவை போகிற பக்கமெல்லாம் கப்பலும் போகும். வேளாவேளைக்குச் சின்னப் படகில் இறங்கி, தவளை என்று பெயர் வாங்கிய முக்குளிப்பவர் உள்ளே போய், ஜாடியில் கொஞ்சம் பிள்ளைகளை அழைத்து வருவார். இஞ்சக்கா அளப்பாள். அடுத்த வேளைக்கு மறுபடி கொஞ்சம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் சராசரியில் வித்தியாசம் எவ்வளவோ அதுதான் வளர்ச்சி.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மிதவையைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டால் அது வேறு தண்ணீர், வேறு கூட்டம். அதனால் மிதவைக்குக் கீழே, ஆழத்தில், ஆள் உயரத்தைவிடப் பெரிய கித்தான் குழாய் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். தண்ணீர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றின் பாச்சா பலிக்காது. கப்பலில் அதற்குப் பெயர் 'பாவாடை'. போன பயணத்தில் பாவாடை தையல் விட்டுக் கிழிந்தது. யாருக்கும் தெரியவில்லை. மிதவை காற்றோடு ஓடியது, இவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். மூணாங்கிளாஸ் பிள்ளைகளை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எட்டாங்கிளாஸை அளந்துவிட்டு, "ஆஹா, என்ன வளர்ச்சி!" என்று கொண்டாடிய கதை. கரையில் பெரிய மண்டபத்தில் வைத்து டாக்டரம்மாவைக் கிழித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு பயணம், அதற்குமேல் கப்பல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் இந்தத் தடவை பாவாடையைத் தைக்கிற வேலை இஞ்சக்காவின் அப்பாவிடம் போனது.

அப்பாவின் கடை ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில், மாடிப்படிக்குக் கீழே. உள்ளே இரண்டு மெஷின், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தம்பிக்கு. வேலை பெரும்பாலும் யூனிஃபார்ம். அப்பா தைத்த அரைக்கால் சட்டையில் முதல் வருஷம் இன்னொரு பையனையும் சேர்த்து உள்ளே விடலாம். மூன்றாம் வருஷம்தான் அது கால்சட்டை மாதிரித் தெரியும். கேட்டால், "புள்ளைங்க உடம்பு யாரையும் கேட்டுக்கிட்டு வளராது. துணிதான் முன்னாடியே தயாரா இருக்கணும்" என்பார். ஓரத்தை மடித்து உள்ளே ஒளித்து வைத்துத் தைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

கித்தான் சுருளோடு மகள் கடைக்குள் நுழைந்தபோது அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா இது, கூடாரமா?"

"பாவாடைப்பா."

"யாருக்கு?"

"கடலுக்கு."

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "இடுப்பளவு எவ்ளோ?"

தம்பி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "உங்க ரெண்டு பேரையும் வெச்சுக் கடை நடத்துறேன் பாரு, எனக்குக் கோயில் கட்டணும்."

அப்பா இரட்டைத் தையல் போட்டு, மேலே இன்னொரு தையலும் போட்டுக் கொடுத்தார். அவள் கிளம்பும்போது சட்டைக் கையில் பொத்தான் ஆடுவதைப் பார்த்து, போட்டிருந்த சட்டையிலேயே ஊசி கோத்து இறுக்கித் தைத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். அவ்வளவுதான் வழியனுப்பு. அந்தக் குடும்பத்தில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் பழக்கமெல்லாம் கிடையாது. அளவெடுக்கும்போது தொட்டுக்கொள்வதோடு சரி.

அளப்பதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜியோமெட்ரி பாக்ஸில் இரண்டு காலிலும் முள் வைத்த ஒன்று இருக்குமே, டிவைடர் என்கிற கவராயம், பள்ளிக்கூடத்தில் முன்பெஞ்சுப் பையனின் முதுகைத் தவிர வேறு எதற்கும் பயன்படாதது, அதற்கு உலகத்தில் ஒரு வேலை உண்டென்றால் அது இஞ்சக்காவின் கையில்தான். கறுப்புத் துணிமேல் கண்ணாடித் தட்டு, தட்டில் கடல் தண்ணீர், பக்கவாட்டில் விளக்கு, மேலே பூதக்கண்ணாடி. சால்ப் சுருங்கும், விரியும், சுருங்கும். முழுசாய் விரிகிற அந்த ஒரு கணத்தில் கவராயத்தின் இரண்டு முள்ளையும் உடம்பின் இரு விளிம்பிலும் படாமல் பட வைத்து, எடுத்து, அளவுகோலில் வைத்து எண்ணைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவருக்குக் 'கணக்கு' என்று பெயர். மொட்டைத்தலை, நல்ல மனசு, வாய் மட்டும் ஓயாது. கண்ணாடியை அளப்பதில் ஆளுக்கு ஆள் விளிம்பு மாறும் என்பதால் பயணம் முழுக்க அளக்கிற கை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். அந்தக் கை இஞ்சக்காவுடையது.

வேலைக்கு வந்த முதல் வருஷம் அவள் எண்கள் எல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன. காரணம் அப்பா. "உடம்புக்கும் துணிக்கும் நடுவுல ஒரு மூச்சு போய் வரணும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். டேப்புக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத்தான் அளப்பார், பிள்ளைகள் என்றால் அதற்கு மேலும் ஒரு நூல், இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, விடுவார். அந்தக் கை கவராயத்துக்கும் வந்துவிட்டது. விளிம்பில் வைக்க வேண்டிய முள்ளை விளிம்புக்கு வெளியே, மயிரிழை தள்ளி வைத்தாள்.

"இஞ்சு, நீ எதை அளக்குற?" என்று கேட்டார் டாக்டரம்மா. "அதையா, இல்ல, அது போடப்போற சட்டையையா?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கே தன் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து எடுத்தாள். நாலு ஓட்டை வெள்ளைப் பொத்தான், பதினோரு மில்லிமீட்டர். ஒவ்வொரு ஜாடியையும் திறப்பதற்கு முன் தட்டில் முதலில் பொத்தானைப் போட்டு அளக்க வேண்டும். பதினொன்று வந்தால் கை சரி. வராவிட்டால் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டும். "சால்ப் வளரும், பொத்தான் வளராது" என்றார் டாக்டரம்மா. பல வருஷமாய் அது வளரவும் இல்லை. பாவாடையை வாங்கிக்கொண்டு வந்த இந்தப் பயணத்தில், அவள் சட்டையில் அப்பா இறுக்கித் தைத்த பொத்தானையே பிரித்து எடுத்துத் தட்டில் போட்டாள். பழையது விளிம்பில் தேய்ந்திருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதுவும் பதினொன்று.

பயணம் நன்றாகவே போனது. மிதவை காற்றைக் கண்டுகொள்ளாமல் தண்ணீரோடு ஊர்ந்தது. சளிக்குட்டிகள் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாய் நீண்டன. டாக்டரம்மா விசிலடிக்க ஆரம்பித்திருந்தார், அதுவும் சுருதி இல்லாமல்.

ஒரு மதியம் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் ஒரு நாற்காலிதான் உண்டு. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். கேப்டன் நிற்கிறார், தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அப்பா…" என்று ஆரம்பித்தார் கேப்டன்.

"எப்போ?"

"காலைல. மெஷின் முன்னாடி உட்கார்ந்த மாதிரியே. கஷ்டப்படலையாம்." தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார். "நாம எவ்ளோ வேகமாத் திரும்பினாலும், எல்லாம் முடிஞ்சப்புறம்தாம்மா போய்ச் சேர முடியும்."

"திரும்ப வேண்டாம் சார். மிதவை கிடக்கு."

அவரே சாட்டிலைட் போனைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனார். அந்தப் போனில் பேசுவது கிணற்றில் கல் போடுவது மாதிரி. போட்டுவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

"அக்கா, வர முடியாதுல்ல?" என்றான் தம்பி.

"முடியாதுடா."

இடைவெளி.

"அழுதியா?"

"இல்ல."

இன்னும் பெரிய இடைவெளி. பின்னால் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது, யாரோ யாரையோ தண்ணீர் கேட்டார்கள்.

"கல்லுக்கா நீ" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

அது திட்டு மாதிரிகூட அவளுக்குப் படவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் கன்னத்தில் ஊசி போடுவார்களே, அதற்கப்புறம் டீ குடித்தால் வாயோரம் வழிவதுகூடத் தெரியாதே, அந்த மாதிரி உள்ளே முழுக்க ஊசி போட்டாயிற்று. துக்கம் வரும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அது விலாசம் தெரியாமல் வேறு தெருவுக்குப் போய்விட்டது போலிருந்தது. கீழே படகு வந்து மோதுகிற சத்தம் கேட்டது. ஜாடி வந்திருக்கும். எழுந்து போனாள்.

ஆய்வறை வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார்.

"நீ போய்ப் படு. இந்த ஜாடியை விட்டுடலாம்."

"விட்டா நடுவுல ஓட்டை விழுந்துடும்."

"விழட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். நிஜமா. அளக்கறேன்."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து டாக்டரம்மா அதை நம்பினார். நம்ப வேண்டும் என்ற ஆசையும் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. இது அவருடைய கடைசிக் கப்பல்.

அதிலிருந்து கப்பலில் எல்லோரும் அவளிடம் அநியாயத்துக்கு நல்லவர்கள் ஆனார்கள். சமையற்காரர் ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பாட்டை வைத்தார். தவளை அவள் எதிரில் வரும்போதெல்லாம், உள்ளே ஈரமாய் ஏதோ போய்விட்டது மாதிரி, தொண்டையைச் செருமினார். கணக்கு இன்னும் ஒரு படி மேலே போனார். அவள் வருவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, தட்டைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, முதல் சளியையும் தட்டில் விட்டு வைத்திருந்தார். பொத்தானை எடுத்துப் பேனாக்கள் போடுகிற கோப்பைக்குள் போட்டுவிட்டார். பாவம், அவளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கெடுதலுக்குக் கோர்ட்டில்கூட வழக்கு நிற்காது.

அவள் உட்கார்ந்தாள், அளந்தாள். சுருங்கும், விரியும், சுருங்கும். எண்ணைச் சொன்னாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. அவர் முகத்தை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது, வந்து சும்மா நின்றது, போய்விட்டது. அடுத்த ஜாடி. சாப்பாடு அட்டை மாதிரி இருந்தது. அதற்கடுத்த ஜாடி. படுத்தால் தூக்கம்கூட ஒழுங்காக வந்தது. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. 'கல்லு' என்று அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தாள், வேறு யாரையோ பற்றி நினைப்பது மாதிரி.

எண்கள் மட்டும் எகிறின.

கணக்கு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். புள்ளிகள் அதுவரை மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டிருந்தவை, திடீரென்று ஏணி மாதிரி நிமிர்ந்திருந்தன. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாவாடை?" என்றார் முதலில். சூடு கண்ட பூனை.

"ஒவ்வொரு தடவையும் கீழ போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்" என்றார் தவளை. "ஒரு நூல் பிரியல. அந்தப் பெரியவர் தையல்னா தையல்தான்…" என்று ஆரம்பித்து, இஞ்சக்கா இருப்பதைப் பார்த்துவிட்டுச் செருமினார்.

"அப்போ நிஜம்" என்றார் டாக்டரம்மா. "இவ்ளோ வேகம் யாருமே பாத்ததில்ல. இஞ்சு, உனக்குப் புரியுதா?"

"புரியுது டாக்டர்" என்றாள் அவள். புரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்பதும் தெரிந்தது. அந்தச் சாமானும் உள்ளே வேலை செய்யவில்லை.

அடுத்த ஜாடிக்கு நேரமிருந்தது. எல்லோரும் டீக்குப் போனார்கள். அவள் மட்டும் இருந்தாள். பேனா வேண்டியிருந்து கோப்பையில் கைவிட்டபோது விரலில் பொத்தான் தட்டுப்பட்டது. கை பழக்கத்தில் அதைத் தட்டில் போட்டது. கை பழக்கத்தில் கவராயத்தையும் எடுத்தது. வைத்தாள், எடுத்தாள், அளவுகோலில் பார்த்தாள்.

பன்னிரண்டரை.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி வைத்தாள். பன்னிரண்டரை. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கவராயத்தின் முள் எங்கே நிற்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பொத்தானின் விளிம்பில் இல்லை. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை, நடுவில் ஒரு மூச்சு போய் வருகிற இடம்.

பொத்தான் வளர்ந்திருந்தது.

இதைக் கோப்பைக்குள் திரும்பப் போட்டுவிட்டால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். டாக்டரம்மாவைக் கிழித்த மண்டபத்தில் அடுத்த தடவை கை தட்டுவார்கள். எனக்கு ஒண்ணும் இல்லை என்று இவள் சொன்ன சொல்லும் நிலைத்துவிடும். எடுத்துக் காட்டினால் இரண்டும் போய்விடும். கப்பலேறிய நாளிலிருந்து அவளிடம் இருந்த சொத்தே அந்தக் கைதான். அளந்த கை பொய் சொல்லிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டீக் கோப்பையோடு டாக்டரம்மா உள்ளே வந்தார், சுருதியில்லாமல் விசிலடித்தபடி.

"டாக்டர்" என்றாள் இஞ்சக்கா. "சட்டையை அளந்துட்டேன்."

விசில் நின்றது. டாக்டரம்மா வந்து பூதக்கண்ணாடியில் குனிந்தார். அவர் எதிரிலேயே அவள் மறுபடி பொத்தானை அளந்து காட்டினாள். கை நடுங்கவில்லை. அதுதான் கொடுமை. நிதானமாக, அழகாக, தெளிவாகத் தப்பாக அளந்தது.

தவளையோடு பின்னாலேயே வந்த கணக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "என் தப்பு. நான்தான் பொத்தானை எடுத்து வெச்சேன். சரி, இப்ப என்ன, எல்லாத்துலயும் ஒன்றரை கழிச்சுட்டாப் போச்சு!"

"கழிக்க முடியாது" என்றாள் அவள். "எதுலேருந்து விட்டேன்னு எனக்குத் தெரியல. சிலதுக்கு விட்டிருப்பேன். சிலதுக்கு விட்டிருக்க மாட்டேன். குட்டியா இருந்ததுக்கு இன்னும் கொஞ்சம் சேத்தே விட்டிருப்பேன்."

"ஏன் குட்டிக்கு?"

"அது வளரும்ல" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

டாக்டரம்மா டீயைக் கீழே வைத்தார். திரையில் நிமிர்ந்து நின்ற அந்த ஏணியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு, "செய்தி வந்ததுக்கப்புறம் அளந்ததெல்லாம் தூக்கிடு" என்றார் கணக்கிடம். கணக்கு கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். புள்ளிகள் போயின.

"தவளை, இங்க வா. உட்கார். பொத்தானை அள."

தவளை தன் முரட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டு அளந்தார். பதினொன்று. மறுபடியும் பதினொன்று.

"கை மாறுதே டாக்டர், உங்க சட்டம்?" என்றார் கணக்கு.

"கை மாறினா என்ன? பொத்தான் ஒண்ணுதான. ரெண்டு கையையும் அது சேத்து வெக்கும்." அப்புறம் அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன. நானும் ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணின தப்பு இது. விளக்கைப் பிடிச்சுக்கோ, போதும்."

மிச்சமிருந்த ஜாடிகளுக்கு அவள் விளக்கு பிடித்தாள். தவளை அளந்தார். அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் பெருமூச்சு விட்டார், தண்ணீருக்கடியில் இருக்கிற நினைப்பு போல. கடைசியில் வந்த வேகம் உலகம் காணாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் வேகம்தான். நடுவில் பெரிய ஓட்டையோடு, படிக்கட்டில் ரெண்டு படி உடைந்த மாதிரி. டாக்டரம்மா அதைப் பார்த்து விசிலடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நிஜம் இவ்ளோதான்" என்று மட்டும் சொன்னார்.

கிளம்புகிற அன்றைக்கு மிதவையை மேலே தூக்கினார்கள். வெயிலில் பாவாடை தண்ணீர் சொட்டச் சொட்டத் தளத்தில் கிடந்தது. மடித்து வைக்க வேண்டியது அவள் வேலை. கீழ் ஓரத்தைப் பிடித்து உதறியபோது விரலுக்கு ஏதோ கனமாகப் பட்டது. உள்பக்கம் புரட்டிப் பார்த்தாள். ஓரம் முழுக்க, சுற்றிலும், கித்தானை நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி தளர்தையல் போட்டு வைத்திருந்தார். மேலே மூன்று தையல் இறுக்கி. கீழே, வளர்ச்சிக்கு.

அவள் அப்படியே பாவாடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஈரம் பாவாடையிலிருந்து அவள் உடுப்புக்கு ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கேப்டனிடம் போய்ப் போன் கேட்டாள்.

"யாரு?" என்றான் தம்பி. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் இல்லை.

"நான்தான். டேய், பொத்தான் வளந்துடுச்சுடா."

கல் விழுந்து, சத்தம் திரும்பி வருகிற இடைவெளி.

"எந்தப் பொத்தான்?"

"நான் கிளம்புறப்ப அப்பா சட்டைக் கைல தெச்சுக் குடுத்தாருல்ல, அது. அதை வெச்சுத்தான் இங்க கையைச் சரி பாத்துக்குவேன். உன்கிட்ட போன்ல பேசினதுக்கப்புறம் அளந்தா, பெருசா வருது. திரும்பத் திரும்ப அளந்தேன். பெருசாவே வருது."

தையற்காரர் மகனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"எவ்ளோ விட்டிருக்க?"

"அரை நூல்."

இந்தத் தடவை இடைவெளி ரொம்பப் பெரிதாக இருந்தது. போன் அறுந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"அப்பா ஒரு நூல் விடுவாரு" என்றான். குரல் எங்கோ மூக்கில் மாட்டிக்கொண்டு வந்தது. "நீ அதுலயும் கஞ்சம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் அழுகிற சத்தம் இங்கே வந்துவிட்டது. இரண்டும் நடுக்கடலில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். அவளுக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஊசி போட்ட கன்னத்தில் உணர்ச்சி திரும்பும்போது முதலில் அரிக்குமே, அந்த மாதிரி தொண்டையில் ஏதோ அரித்தது.

"அக்கா."

"ம்."

"அந்தப் பாவாடையைத் தூக்கிப் போட்டுறாத. எடுத்துட்டு வா."

"கீழ மடிச்சு விட்டிருக்காருடா. நாலு விரல்."

"தெரியும். நான்தான் வேணாம்னேன். கித்தான் வீணாப் போகுது, கடல் என்ன வளரவா போகுதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

சத்தம் திரும்பி வரும்வரை அவள் காத்திருந்தாள்.

"'யாருக்குத் தெரியும்'னாரு" என்றான் தம்பி.